மயில்கண் கரை வேட்டி கட்டிய அம்மன்

கோயிலில் குருக்கள் குங்குமம் கொடுத்தால், நெற்றியில் வைத்தது போகக் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைக் கீழே போடக் கூடாது, பாவம். புடவையில் துடைத்தால் கறை போகாது. அதனால் பக்கத்தில் இருக்கிற தூணில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் எந்தத் தூணைப் பார்த்தாலும் இந்த இழுப்புகள் இருக்கும். ஒரு கோயிலில் ‘தூணில் குங்குமம் தடவாதீர்’ என்று போர்டே மாட்டியிருந்தார்கள். அந்த போர்டின் மேலேயும் தடவியிருந்தது. அதில் ஒரு தடவல் என்னுடையது. அன்றைக்குக் கண்ணாடி எடுத்துக்கொண்டு போகவில்லை.

இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு ஏரிக்கே நான் இழுத்துவிட்ட வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகை லிஸ்டும், பிரதோஷத்துக்கு ‘அனைவரும் வருக’ என்று வாட்சப்பில் போட்டதும்தான்.

எங்கள் வீடு குடவாசல் பக்கம். வீட்டுக்காரருக்கு நிலம்தான் எல்லாம். குறுவை, சம்பா என்று அவர் பொழுது போய்விடும். பிள்ளைகள் இரண்டும் வேலைக்கு வெளியூர் போய்விட்டன. எனக்கு ஞாயிற்றுக்கிழமையானால் உழவாரப் பணி. பாழடைந்து கிடக்கிற கோயில்களுக்கு ஒரு வேனில் பதினைந்து பேர் போய், பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கி, கோபுரத்து அரசங்கன்றைப் பிடுங்கி, விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு வருவோம். எங்கள் குழுவுக்குத் தலைவி ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

போன வருஷம் கோடையில் டீச்சர் போன் செய்தார். “அக்கா, இந்த ஞாயிறு ஏரிக்குப் போறோம். ஏழு மணிக்கு வேன்.”

ஏரி என்றால் கரையில் ஒரு பிடாரியோ ஐயனாரோ இருக்காமல் போவார்களா? நான் வேறொன்றும் கேட்கவில்லை. தட்டில் தேங்காய், பூ, கற்பூரம், மஞ்சள், குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆடித் தள்ளுபடியில் வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

வேன் நின்ற இடத்தில் கோயிலும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெடித்துப் போன ஏரித் தரை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் முள். ‘பறவைகள் சரணாலயம்’ என்று ஒரு பச்சைப் போர்டு. அதன் அடியில் காக்கிச் சட்டை போட்ட வாச்சர் ஒருவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோயில் எங்க டீச்சர்?”

“இதுதாங்க்கா கோயில்” என்றார் டீச்சர், இரண்டு கையையும் விரித்து.

நான் விரித்த கைக்குள் பார்த்தேன். ஒரு ஓணான் தலையை ஆட்டியது.

வாச்சர் நல்ல மனிதர். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “தேங்கா ஒடைக்கணும்னா போர்டுக்கே ஒடைச்சிடுங்கம்மா. அதுவும் பச்சையாத்தான் நிக்கிது” என்றார். உடைத்தோம். வெல்லம் வைத்து அதை எல்லாரும் தின்ற பிறகுதான் எனக்கு வந்த வேலை புரிந்தது.

ஏரிக்கு நடுவில் ஒரு திட்டு இருக்கிறது. அதில் முன்னால் நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் நின்றிருக்கின்றன. காவிரித் தண்ணீர் வந்து ஏரி நிறைந்து, மார்கழிக் குளிர் வந்ததும் கொக்கும் நாரையும் அந்த மரங்களில் கூடு கட்டும். இப்போது திட்டு முழுக்கச் சீமைக் கருவேலம். “அதோட கிளை ஒல்லிம்மா. கூடு ஒக்காராது. தப்பித் தவறிக் கட்டுனாலும் குஞ்சு சறுக்கி முள்ளுல விழுந்துடும். வருஷா வருஷம் நான்தான் பொறுக்குறேன்” என்றார் வாச்சர். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

டீச்சர் தன் பள்ளிக்கூடத்துக் கொல்லையில் இரண்டு வருஷமாக நாட்டுக் கருவேலம், நீர்மருது, கடம்பு என்று கன்று போட்டு வளர்த்திருந்தார். வேர் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இந்த வருஷம் மண்ணுக்குப் போகாவிட்டால் கருகிவிடும். கோடையில் ஏரி காய்ந்திருக்கும்போதுதான் பொக்லைன் திட்டில் ஏற முடியும். சீமைக் கருவேலத்தை அது வேரோடு பிடுங்கும். அங்கங்கே தப்பிப் பிழைத்த நல்ல மரங்களை அது தொடாமல் இருக்க, நாங்கள் முன்னாலேயே அடையாளம் வைக்க வேண்டும்.

“எதாவது துணி கட்டலாம். பளிச்சுன்னு தெரியணும்” என்றார் டீச்சர்.

“அத நான் பாத்துக்கறேன்” என்றேன். எனக்கு இந்த வாய் ஒன்று போதும்.

மறு ஞாயிற்றுக்குள் வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, மஞ்சளில் முக்கி எடுத்தேன். பழைய வேட்டி என்பது என் கணக்கு. கொடியில் நீர் சொட்டுகிற கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, “மயில்கண் கரை. தஞ்சாவூர்ல எடுத்தது. இடுப்புல நின்னா தனி மரியாதை” என்று இறந்துபோனவரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கரையிலும் திட்டிலும் நின்ற நல்ல மரங்களுக்கெல்லாம் துணி கட்டினேன். மஞ்சள் துணியை மட்டும் கட்டினால் மூளியாக இருந்தது. எனவே குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பொட்டும் வைத்தேன். டீச்சர் பார்த்துச் சிரித்தார். “நல்லதுதாங்க்கா. இனிமே ஒருத்தனும் கை வைக்க மாட்டான்” என்றார். அந்த வாய் பலித்தது; ஆனால் வேறு மரத்தில் பலித்தது.

மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு கீற்றுத் துணி ஈரத்தோடு மிஞ்சியது. விரல் மூன்றிலும் குழைத்த குங்குமம். வேனில் ஆரன் அடிக்கிறார்கள். திட்டில் ஏறுகிற இடத்தில், பொக்லைன் ஏறுவதற்காகச் சரிவு வெட்டி வைத்திருந்த வாயிலேயே, ஒரு பெரிய சீமைக் கருவேலம் நின்றது. துணியைக் காற்று கொண்டுபோகாமல் இருக்க அதன் கிளையில் ஒரு முடிச்சுப் போட்டுக் காயவிட்டேன். கையைத் துடைக்க இடம் தேடினேன். தரை கூடாது, புடவை கூடாது. எதிரில் தூண் மாதிரி மரம். மூன்று விரலையும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, துணியையும் மறந்துவிட்டு வேனுக்கு ஓடினேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த மரம் என் நினைப்பிலேயே இல்லை.

அடுத்த ஞாயிறு நான்தான் முதலில் திட்டுக்குப் போனேன். சரிவில் கால் வைத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மரத்தடியில் மூன்று கல். அவற்றுக்கு மஞ்சள் பூசி, பொட்டு இட்டு, வேப்பிலை வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருந்தது. மரத்தில் செக்கச்செவேலென்று ஒரு சூலம். அதைச் சுற்றி மஞ்சள். கிளையில் மஞ்சள் துணி.

செருப்பைக் கழற்றி எறிந்தேன். ஒன்று இன்று வரைக்கும் கிடைக்கவில்லை. அந்த முள் தரையில் மூன்று சுற்று சுற்றி வந்து விழுந்து கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர். “தாயே, என் முட்டிவலியை எடுத்துக்கோ” என்று வேண்டினேன். கூடவே, இருக்கட்டும் என்று, வீட்டுக்காரரின் நாக்கைக் கொஞ்சம் குட்டையாக்கு என்றும் வேண்டினேன். பிறகு எழுந்து நின்று குழுவையே கத்திக் கூப்பிட்டேன்.

எல்லாரும் வந்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் துணியைத் தொட்டுப் பார்த்து, “அக்கா, இது நம்ம துணி மாதிரி இல்ல?” என்று கேட்டார்.

“என்ன டீச்சர் பேச்சு இது? சாமிக்கு மஞ்சத் துணி கட்டாம பச்சைத் துணியா கட்டுவாங்க?” என்று நான் அதட்டினேன். அந்த அதட்டலை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. உண்மை வந்து வாசலில் நின்றது. நானே கதவைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை முட்டிவலி குறைந்துவிட்டது. இரண்டு வாரமாகக் குனிந்து நிமிர்ந்ததில் குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. தஞ்சாவூரில் இருக்கிற என் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் வேளாங்கண்ணிப் பக்கம் இருக்கிற அவள் ஓரகத்திக்குச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை ஏரிக்கு ஒரு மினி வேன் நிறைய ஆள் வந்ததாக வாச்சர் போன் செய்தார். யாரோ மணி வேறு கட்டிவிட்டுப் போனார்களாம்.

புதன்கிழமை வீட்டுக்காரரை மோட்டார் சைக்கிளில் அழைத்துக்கொண்டு போனேன். “நீங்களும் வந்து கும்பிட்டீங்கன்னாத்தான் குடும்பத்துக்கு நல்லது.” அவர் சாமி கும்பிடுவதில் குறை வைக்காதவர், வாயால்தான் குறை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நெடுநேரம் நின்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. கண்ணைத் திறந்தவர் கிளையையே பார்த்தார். ஒரு அடி முன்னால் போனார். துணியின் ஓரத்தை விரலால் நீவினார்.

“இந்தா.”

“என்னங்க?”

“அம்பாளுக்கு என்னோட வேட்டிய யாரு குடுத்தா?”

மஞ்சளுக்கு அடியில், அரை விரல் அகலத்துக்கு, மயில்கண் கரை. எனக்கு அந்த ஈரத் துணி ஞாபகம் வந்தது. ஆரன் சத்தம் ஞாபகம் வந்தது. மெதுவாகத் திரும்பி மரத்தைப் பார்த்தேன். சூலத்தின் மூன்று கிளைக்கும் நேராக என் மூன்று விரலையும் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

“பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். கை தொடைக்கப் போயி அம்மனா முடிஞ்சது உனக்குத்தான்” என்றார். நான் வேண்டிய இரண்டாவது வேண்டுதல் நிறைவேறவில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முப்பது வருஷமாகத் தெருவில் சாமி விஷயம் என்றால் என்னிடம்தான் கேட்பார்கள். எந்தக் கிழமை எந்த விளக்கு, எந்தப் பரிகாரத்துக்கு எந்த ஊர் என்று வழி சொல்லுகிறவள், தன் கையைத் தன்னாலேயே அடையாளம் கண்டுபிடிக்க முடியாமல் விழுந்து கும்பிட்டாள் என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை பொக்லைன் வந்தது. அதே நாள்தான் செய்தியில் கல்லணை திறந்தாச்சு என்றும் சொன்னார்கள். தெருவில் ஆளுக்கு ஆள் சந்தோஷம். ஆற்றுக்கு வர நாலு நாள். அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஏரி. தண்ணீர் ஏறிவிட்டால் பொக்லைன் திட்டுக்குப் போக முடியாது.

மத்தியானம் டீச்சர் போன் செய்தார். பொக்லைன் டிரைவர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், வண்டிக்கு முன்னாலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருப்பவர். சரிவு வரைக்கும் வந்து, மரத்தைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவிட்டாராம். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு டீச்சர். அம்மனைத் தள்ளிட்டும் ஏற மாட்டேன், தாண்டிட்டும் ஏற மாட்டேன்” என்றாராம். வேறு பக்கம் சரிவு வெட்ட நாள் இல்லை.

“ரெண்டு வருஷத்துக் கன்னுங்க்கா” என்றார் டீச்சர்.

நான், “எல்லாம் அம்பாள் பாத்துப்பா” என்றேன். என் வாயில் புழு விழாமல் இருந்தது அம்பாளின் கருணை.

மறு நாள் வெள்ளிக்கிழமை. அம்மன் மரத்தைப் பிடுங்குவதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசக்கூட மாட்டார்கள். நான் பூஜை அறையில் உட்கார்ந்து, தண்ணீர் இரண்டு நாள் பிந்தி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். காவிரித் தண்ணீர் லேட்டாக வரட்டும் என்று டெல்டாவில் விளக்கேற்றி வேண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் பக்கத்து அறையில் விதைநெல்லை வைத்துக்கொண்டு ஒருவர் வாசலுக்கும் ஆற்றுக்கும் நடந்துகொண்டிருக்கும்போது.

அவரிடம், “நீங்க போயி டீச்சர்கிட்ட பக்குவமா சொல்லிடுங்களேன்” என்று கேட்டேன்.

“வேட்டிதான் என்னுது. கை உன்னுது” என்றார்.

சனிக்கிழமை காலை போனேன். புளியோதரையை எவர்சில்வர் தூக்கில் கட்டி எடுத்துக்கொண்டேன். வயிறு நிறைந்தவர்கள் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார்கள் என்று ஒரு கணக்கு. சரிவில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். வாச்சர் இருந்தார். டிரைவர் வண்டி நிழலில் படுத்திருந்தார். மரத்தடியில் ஒரு பெண்மணி ஏழெட்டு ஆடுகளை மடக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏரிக்கு அந்தண்டை இருக்கிற குடியிருப்புக்காரர். வயது என்னைவிட ஐந்தாறு கூட இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அவரைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணி, விரல், இழுப்பு, வேட்டிக் கரை. வாச்சர் திரும்பிக்கொண்டார், அவர் முதுகு குலுங்கியது. டீச்சர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. “புதன்கிழமையே தெரியுமாக்கா?” என்று மட்டும் கேட்டார். அது திட்டைவிடக் கனமாக இருந்தது.

டிரைவர் எழுந்து வந்தார். “அம்மா, நீங்க தொடைச்சீங்க, சரி. இத்தனை மரம் இருக்கறப்ப உங்களை இந்த மரத்துக்குக் கூட்டியாந்து தொடைக்க வச்சது யாரு?”

இதே வார்த்தையை நான் இந்த முப்பது வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ‘நீயா வந்தே? அவ கூப்பிட்டா, வந்தே.’ என் பாணத்தையே எடுத்து என் மேல் விட்டார்.

“கல்லு நான் வைக்கலியே தம்பி. தொடைச்சது நான். கல்லு வச்சது யாரோ” என்றேன்.

“நான்தான் வச்சேன்” என்றார் ஆட்டுக்கார அக்கா.

எல்லாரும் திரும்பினோம். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“இந்தம்மா கைய தொடைச்சிட்டு ஓடுனத நான் ஆட்டோட நின்னு பாத்தேன். சாயங்காலம் மூணு கல்லப் பொறுக்கி, மஞ்சப் பூசி, எலுமிச்சம்பழம் நறுக்கி வச்சேன். நீங்க மஞ்சத்துணி கட்டுன மரத்த மிசினு தொடாதுன்னு பேசிக்கிட்டீங்கல்ல? துணி இருந்திச்சு. கல்லும் இருந்தா இன்னும் நல்லதுன்னு வச்சேன்.”

“ஏன் அக்கா?” என்றார் டீச்சர்.

“ஏனா? கோடையில புல்லு ஏது இங்க? இந்த மரத்து நெத்தத் தின்னுதான் என் ஆடு உசுரோட கெடக்கு. மத்தியான நெழலும் இதான். வெறகும் இதான். மூணு ஞாயித்துக்கெழமையா வேன்ல வர்றீங்க. மரத்துக்குப் பொட்டு வைக்கிறீங்க, போர்டுக்குத் தேங்கா ஒடைக்கிறீங்க. இங்க ஒருத்தி ஒக்காந்திருக்காளே, அவள ஒரு வார்த்த கேப்பம்னு ஒங்கள்ல ஒருத்தருக்குத் தோணுச்சா?”

ஆடு ஒன்று கல்லின் மேல் இருந்த வேப்பிலையைத் தின்றது. யாரும் விரட்டவில்லை.

டீச்சர் எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், என் முட்டி கடக்கென்றது. டீச்சர் கன்றுகளைப் பற்றிச் சொன்னார். நாட்டுக் கருவேலத்து நெற்றையும் ஆடு தின்னும், ஆனால் அது காய்க்க வருஷம் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். வாச்சர் முள்ளில் விழுகிற குஞ்சுகளைச் சொன்னார். “அது தெரியும். நானும் பாத்திருக்கேன்” என்றார் அந்த அக்கா. “அதுக்காக என் ஆட்ட நான் முள்ளுல போட முடியுமா?”

கடைசியில் அவர்தான் வழி சொன்னார். திட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மேலக்கரையில் நிற்கிற சீமைக் கருவேலத்தை இந்த வருஷம் தொடக் கூடாது, பிடுங்கிப் போடுகிற விறகு முழுக்க அவர்கள் குடியிருப்புக்கு. வாச்சர் ஆபீசுக்குப் போன் செய்து பேசிவிட்டு வந்து தலையாட்டினார்.

டிரைவர் மட்டும் அசையவில்லை. “நீங்க பேசி முடிச்சிட்டீங்க. அம்மன்கிட்ட யாரு பேசறது?”

“கல்ல வச்சவங்களே எடுத்துட்டா முடிஞ்சுது” என்றார் வாச்சர்.

ஆட்டுக்கார அக்கா கல்லைப் பார்த்தார். கை நீட்டினார். இழுத்துக்கொண்டார்.

“என்னக்கா?” என்றேன்.

“மொத நாளு நான் கும்புடல. சும்மாத்தான் வச்சேன். அப்புறம் நீ வந்து விழுந்து அழுத. வேன்ல வந்து அழுவுறாங்க. செவ்வாக்கெழம என் மருமவளுக்குக் காச்சலு. நானும் ஒரு சூடம் கொளுத்திட்டேன். காச்சலு விட்டுருச்சு. இப்ப எப்படி எடுக்கறது?” என்று என்னைப் பார்த்து முறைத்தார். “எல்லாம் ஒன்னால. அழுவாம கும்புட்டுருக்கக் கூடாது?”

வாழ்நாளில் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயம் அப்போதுதான் உதவிக்கு வந்தது. கோயிலில் திருப்பணி நடக்கும்போது சாமியை அப்படியே வைத்துக்கொண்டு சுவரை இடிக்க மாட்டார்கள். கும்பத்துத் தண்ணீரில் சாமியை வரச் சொல்லிக் கேட்டு, வேறு இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். பாலாலயம் என்று சொல்வார்கள். உழவாரத்துக்குப் போன இடங்களில் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னதும் டிரைவர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

“அப்ப கும்பம்?”

கும்பம் இல்லை. டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “பிளாஸ்டிக்லயா வருவா?” என்று ஆட்டுக்கார அக்கா அதட்டினார். எல்லார் கண்ணும் என் எவர்சில்வர் தூக்கின் மேல் விழுந்தது. புளியோதரையைப் பூவரச இலையில் எடுத்து எல்லாரும் தின்று தீர்த்தோம். தூக்கை ஏரி மண் போட்டு மூன்று தரம் தேய்த்தேன். எத்தனை தேய்த்தும் பெருங்காய வாசம் போகவில்லை. தாயே, கோபித்துக்கொள்ளாதே, சாப்பாட்டு வாசனைதானே என்று சொல்லிக்கொண்டேன்.

டிரைவர் பாட்டில் தண்ணீரையே அதில் நிரப்பி, வேப்பிலை போட்டு, மரத்தடியில் வைத்தோம். எனக்கு மந்திரம் தெரியாது. “தாயே, நீ இதுல இருந்தா எழுந்து வா. இல்லேன்னா எங்க பயத்த எடுத்துக்க” என்றேன். ஆட்டுக்கார அக்கா குலவை இட்டார். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெருங்காயத் தூக்கை நான் தலையில் வைத்துக்கொண்டேன். மூன்று கல்லையும் அந்த அக்கா மடியில் கட்டிக்கொண்டார். மணியை வாச்சர் எடுத்துக்கொண்டார். ஆடுகள் பின்னால் வர, ஏரித் தரையில் நடந்து, கரையில் அவர்கள் குடியிருப்புக்குப் போகிற தடத்தில் நின்ற ஒரு நாட்டுக் கருவேலத்தின் அடிக்குப் போனோம். நான் ஏற்கெனவே துணி கட்டிப் பொட்டு வைத்த மரம்தான் அது. அந்த மரத்தின் வேரில் தண்ணீரை ஊற்றினோம். கல்லை இறக்கி வைத்தோம்.

திரும்பி வந்து பார்த்தால் டிரைவர் இன்னும் நிற்கிறார். “அந்தக் குங்குமம் இருக்கேம்மா.”

களைக்கொட்டை எடுத்துச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட உள்ளே சிவப்பு இறங்கியிருந்தது. கோயில் தூண்களில் நான் தடவியதை எல்லாம் யாரோ ஒரு உழவாரக் குழு இப்படித்தானே சுரண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பட்டையையே உரித்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கை கொப்புளித்துவிட்டது. துணியை அவிழ்த்து மடித்து வைத்தேன். அதன் பிறகு டிரைவர் வண்டியில் ஏறி, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அந்த மரத்தைப் பிடுங்கிக் கீழே போட்டார். விழும்போது மட்டும், ஒரு பேச்சுக்கு, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

ஞாயிறும் திங்களும் பொக்லைன் முன்னால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே போக, பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் குழி வெட்டிக் கன்று வைத்தோம். ஆட்டுக்கார அக்காவின் குடியிருப்பிலிருந்து விறகு எடுக்க வந்தவர்கள் குழி வெட்டவும் நின்றார்கள். நாங்கள் வைத்ததைவிட அவர்கள் வைத்தது அதிகம். செவ்வாய்க்கிழமை வாய்க்காலில் நுரையோடு தண்ணீர் வந்தது. வீட்டுக்காரர் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இரண்டு நாள் பிந்தி வா என்று வேண்டியதற்குக் காவிரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவிழ்த்து வந்த கீற்றுத் துணியை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். “வேட்டியா கட்ட முடியாது. மூக்குச் சிந்தலாம்” என்றவர், அதைக் கீழே போடாமல் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்தார்.

கன்றுகள் எல்லாமே பிழைத்துவிடவில்லை. மழைத் தண்ணீர் அதிகம் நின்றதில் கடம்பு கொஞ்சம் தாக்குப்பிடித்தது, மருது கொஞ்சம் அழுகியது. நாட்டுக் கருவேலம்தான் நன்றாகப் பிடித்திருக்கிறது. கூடு கட்டுகிற அளவுக்கு வளர இன்னும் பல வருஷம். போன மார்கழியில் ஒரு கன்றுக்கு ஊன்றுகோலாக நட்ட மூங்கிலின் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டீச்சர் அதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். அதில் பாதி எங்கள் வேன்தான் தெரிந்தது.

முட்டிவலி திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கோடையில் மேலக்கரையைப் பற்றிப் பேச டீச்சரும் நானும் ஆட்டுக்கார அக்கா வீட்டுக்கே போனோம். கறந்து முடிக்கட்டும் என்று வாசலில் உட்கார வைத்தார். வழியில் கரையிலிருந்த அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அங்கே கொட்டாங்கச்சியில் இருந்த குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். விரலில் மிச்சம் இருந்தது. என்னை அறியாமல் என் கை அவர் வீட்டு வாசல்காலுக்குப் போய்விட்டது.

“யம்மா!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “அங்கெல்லாம் இழுத்து வைக்காத. நாளைக்கு நான் வூட்ட விட்டு வெளிய நிக்கணும்!”

டீச்சர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் எழுந்து நின்றுவிட்டன. நான் கையைப் புடவையில் துடைத்தேன். அந்த அரக்குப் புடவைதான், கறை தெரியவில்லை.